ஹங்குல் மான் மலை இறங்கும் காலம்



உங்களில் பலர் ஆடு வளர்க்கிறீர்கள். சிலர் மாடு வளர்க்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். பருவம் வந்த கிடா எப்படி இருக்கும்? சரியாகத் தீனி தின்னாது. ஓர் இடத்தில் நிற்காது. கத்திக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒருவித நாற்றம் வீசும். மற்றொரு கிடாவைக் கண்டால் முட்டப் போகும். இதையெல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

காட்டில் வாழும் மானும் அப்படித்தான். அதற்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவம் வருவதற்கு முன் அது எங்கே போகிறது? என்ன தின்கிறது? அந்த நேரத்தில் அதற்குத் தீனி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் நாட்டில் பல வகை மான்கள் உண்டு. புள்ளிமான் இருக்கிறது. கடமான் இருக்கிறது. கேளையாடு இருக்கிறது. நான் இன்று சொல்லப்போவது இவற்றைப் பற்றி அல்ல. நாட்டின் வட கோடியில், காஷ்மீரத்து மலைகளில் வாழும் மானைப் பற்றி. அதன் பெயர் ஹங்குல்.

ஏன் ஹங்குலைத் தேர்ந்தெடுத்தேன்? இரண்டு காரணங்கள். முதல் காரணம், ஹங்குல் இலையுதிர் காலத்தில் மட்டும் இணை சேரும் மான். ஆகவே பருவம், தீனி, இடம் மாறுதல் மூன்றும் எப்படி ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கின்றன என்பது இதனிடம் தெளிவாகத் தெரியும். இரண்டாவது காரணம், இந்த மான் மிகவும் குறைந்துவிட்டது. உலகத்தில் வேறு எங்கும் இது இல்லை. காஷ்மீரத்தில் அழிந்தால், பூமியிலேயே அழிந்தது போலத்தான்.

ஹங்குல் எப்படி இருக்கும்?

ஹங்குல் பெரிய மான். ஆண் மான் ஒரு மனிதனின் மார்பு உயரம் நிற்கும். உடல் பழுப்பு நிறம். வால் பக்கம் வெள்ளைத் திட்டு உண்டு. பிறந்த குட்டியின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். குட்டி வளர வளர அவை மறைந்துவிடும்.

ஆண் மானுக்கு மட்டும்தான் கொம்பு. பெண் மானுக்குக் கொம்பு கிடையாது. ஆண் மானின் கொம்பு மரக்கிளை போலப் பல கவைகளாகப் பிரிந்திருக்கும். நன்கு வளர்ந்த ஆண் மானுக்கு ஒரு பக்கத்தில் ஐந்து கவைகளுக்கு மேலும் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாட்டுக்கும் கொம்பு உண்டு. ஆட்டுக்கும் கொம்பு உண்டு. அந்தக் கொம்பு ஒரு முறை முளைத்தால் சாகும் வரை இருக்கும். மானின் கொம்பு அப்படி அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை அது தானாகவே உதிர்ந்துவிடும். பிறகு புதிய கொம்பு முளைக்கும்.

ஹங்குலுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களில் கொம்பு உதிரும். உடனே புதுக் கொம்பு முளைக்கத் தொடங்கும். அதன் மேல் வெல்வெட்டுத் துணி போல மெல்லிய தோல் மூடியிருக்கும். அந்தத் தோலுக்குள் இரத்தம் ஓடும். கொம்புக்கு வேண்டிய சத்தை அந்த இரத்தம்தான் கொண்டு செல்லும். சில மாதங்களுக்குள் அவ்வளவு பெரிய கொம்பு முழுவதும் வளர்ந்துவிடும். ஆவணி வாக்கில் தோல் காய்ந்துவிடும். மான் மரத்தில் உரசி உரசி அதைக் கழற்றிவிடும். அப்போது உள்ளே இருக்கும் கெட்டியான கொம்பு வெளியே தெரியும். சண்டைக்கு அது தயார் என்று பொருள்.

பத்து ஊர் இருந்த காடு

ஹங்குல் வாழும் முக்கியமான இடம் தாச்சிகாம் தேசியப் பூங்கா. ஸ்ரீநகரிலிருந்து இது சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தாச்சிகாம் என்றால் பத்து ஊர் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே பத்து ஊர்கள் இருந்தனவாம். 1910-இல் காஷ்மீர மகாராஜா அந்தக் காட்டைக் காப்புக் காடாக ஆக்கினார். அப்போது ஊர்கள் வேறு இடத்துக்குப் போயின. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மகாராஜா அதைக் காத்ததற்கு வேட்டை ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். அந்த மலையிலிருந்து தக்வான் என்ற ஓடை இறங்கி வருகிறது. அது ஹர்வான் நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்குக் குடிதண்ணீர் போகிறது. மான் வாழும் காடு அந்த நகரத்து மக்களின் தண்ணீர்ப் பானையும் ஆகும்.

1981-இல் இந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. இதன் பரப்பு 141 சதுர கிலோமீட்டர். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கீழ் தாச்சிகாம். இது பள்ளத்தாக்கு. ஓடையும் மரக் காடும் புல்லும் நிறைந்தது. மற்றொன்று மேல் தாச்சிகாம். இது உயரமான மலை. மரங்கள் அங்கே குறைந்துவிடும். அதற்கு மேலே பரந்த புல்வெளிகள். குளிர்காலத்தில் அவை முழுவதும் பனியால் மூடிக்கிடக்கும்.

ஏன் ஏறுகிறது? ஏன் இறங்குகிறது?

நம் வீட்டில் ஒரு பக்கம் புல் காய்ந்தால் மாட்டை வேறு பக்கம் கட்டுகிறோம். ஹங்குலைப் பிடித்துக் கட்ட ஆள் இல்லை. அதுவே புல்லைத் தேடிப் போகிறது.

வசந்தத்தில் பனி உருகும். முதலில் கீழே உருகும். பிறகு மேலே உருகும். பனி விலகிய இடத்தில் இளம் புல் முளைக்கும். இளம் புல்லில் சத்து அதிகம். எளிதில் செரிக்கும். அந்த இளம் புல்லைத் தொடர்ந்து மான் படிப்படியாக மேலே ஏறுகிறது. கோடையில் உயரமான புல்வெளிக்குப் போய்ச் சேருகிறது. அங்கே வெயிலும் குறைவு. ஈக்களின் தொல்லையும் குறைவு.

ஆவணி முடியும்போது நிலைமை மாறுகிறது. மேலே இரவில் குளிர் கடுமையாகிறது. புல் முற்றிக் காய்கிறது. காய்ந்த புல்லில் சத்து இல்லை. அதே நேரத்தில் கீழே காட்டு மரங்களில் காய்கள் பழுத்து உதிரத் தொடங்குகின்றன. ஆகவே மான் கீழே இறங்குகிறது.

இந்தக் காலத்துக்குக் காஷ்மீர மக்கள் ஹரூத் என்று பெயர் சொல்கிறார்கள். இலையுதிர் காலம் என்று பொருள். சினார் மரத்து இலைகள் தீப்போலச் சிவந்துவிடும். ஊர்களில் வாதுமைக் கொட்டை உதிர்ப்பார்கள். ஆப்பிள் பறிப்பார்கள். நெல் அறுப்பார்கள். மனிதருக்கு அறுவடைக் காலம். மானுக்கும் அதுதான் அறுவடைக் காலம்.

பருவத்துக்கு முன் வயிறார உண்ணுதல்

மானும் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதலில் அவசரமாக மென்று விழுங்கும். பிறகு பாதுகாப்பான இடத்தில் படுத்துக்கொண்டு, உண்டதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் அதிகமாக மேயும். நடுப்பகலில் புதர் மறைவில் படுத்து அசைபோடும்.

கோடையில் ஹங்குலுக்குப் புல்லும் சிறு செடிகளும் முக்கிய உணவு. இலையுதிர் காலம் நெருங்கும்போது அது புதர்களின் இலை, கொழுந்து, உதிர்ந்த காய், விதை ஆகியவற்றையும் தேடும். கீழ் தாச்சிகாமில் ஓக் மரங்கள் உண்டு. அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. ஹரூத் காலத்தில் அவற்றின் கொட்டைகள் உதிரும். அந்தக் கொட்டையில் மாவுச்சத்தும் கொழுப்பும் இருக்கின்றன. மான் அதை விரும்பித் தின்னும். கரடியும் அதே கொட்டைக்காக அதே மரத்தடிக்கு வரும். குளிர்காலம் முழுவதும் தூங்குவதற்கு முன் கரடிக்கும் கொழுப்பு வேண்டும் அல்லவா?

காட்டுக் குதிரைக் கொட்டை மரம் என்று ஒரு மரம் அங்கே இருக்கிறது. அதன் கொட்டையைக் காஷ்மீர மொழியில் ஹான் தூன் என்பார்கள். ஹங்குலுக்கு அது மிகவும் பிடிக்கும். ஹங்குல் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு.

இப்படி ஆவணியிலும் புரட்டாசியின் முற்பகுதியிலும் ஆண் மான் வயிறு நிறைய உண்ணும். உடம்பில் கொழுப்பு சேரும். கழுத்து தடித்துவிடும். கழுத்தில் பிடரி மயிர் நீளமாக வளரும். இந்தக் கொழுப்புத்தான் அதன் சேமிப்பு. ஏன் சேமிக்கிறது தெரியுமா? அடுத்த சில வாரங்களுக்கு அது ஏறக்குறையப் பட்டினி கிடக்கப் போகிறது.

மாப்பிள்ளை வரும் காலம்

ஆண்டில் பெரும் பகுதி ஆண் மான்கள் தனியே திரியும். பெண் மான்களும் குட்டிகளும் தனிக் கூட்டமாக இருக்கும். தாய், மகள், பேத்தி என்று அந்தக் கூட்டம் அமையும். நல்ல புல்லும் தண்ணீரும் மறைவும் உள்ள இடத்தைப் பெண் மான்கள் பிடித்துக்கொள்ளும். ஏனென்றால் பெண் மானுக்குக் குட்டிதான் முக்கியம்.

பகல் நேரம் குறையத் தொடங்கும்போது மானின் உடம்பு அதை உணர்கிறது. கண் வழியாக வரும் வெளிச்சம் குறைய, உடம்பில் ஊறும் சுரப்புகள் மாறுகின்றன. ஆண் மானுக்கு இணை தேடும் ஆசை எழுகிறது. இதுவரை ஒன்றாகத் திரிந்த ஆண் மான்கள் பிரிந்துவிடும். ஒவ்வொன்றும் பெண் மான்கள் மேயும் இடத்தைத் தேடி வரும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டைத் தேடி வருகிறார்!

புரட்டாசி பாதியிலிருந்து ஐப்பசி வரை இந்தப் பருவம் நடக்கும். அப்போது தாச்சிகாம் காடே அதிரும். ஆண் மான் கழுத்தை நீட்டி உரக்கக் கத்தும். விடியலிலும் இரவிலும் அந்தக் குரல் மலையில் எதிரொலிக்கும். சேற்றில் புரளும். புதர்களைக் கொம்பால் கிழிக்கும். உடம்பில் வலுத்த வாடை வீசும்.

அந்தக் குரலுக்கு ஒரு பயன் உண்டு. இரண்டு ஆண் மான்கள் எதிரெதிரே வந்தால் உடனே சண்டை போடுவதில்லை. முதலில் மாறி மாறிக் கத்தும். யாருக்கு மூச்சு அதிகம் என்று தெரிந்துவிடும். அப்போதும் தீராவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பார்க்கும். யார் உடம்பு பெரிது என்று அளந்துகொள்ளும். பெரும்பாலும் அதற்குள் ஒன்று விலகிவிடும். இரண்டும் சமமாக இருந்தால்தான் கொம்போடு கொம்பு மோதும். சண்டையில் காயம்படும். சில நேரம் உயிரும் போகும். ஆகவே சண்டையைத் தவிர்ப்பதே இரண்டுக்கும் லாபம். மனிதருக்கும் இது பொருந்தும் அல்லவா?

வென்ற ஆண் மான் ஒரு பெண் மான் கூட்டத்தைக் காத்து நிற்கும். இரவும் பகலும் காவல். வேறு ஆண் வந்தால் விரட்ட வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகினால் திருப்பி ஓட்ட வேண்டும். மேய்வதற்கு நேரம் ஏது? அது புல்லைக் கடிப்பதே அபூர்வம். சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். பருவம் முடியும்போது அந்த மான் நன்றாக மெலிந்திருக்கும். உடனே பனிக்காலம் வந்துவிடும். அப்போது இலைச் சருகு, சுள்ளி, மரப்பட்டை ஆகியவைதான் உணவு. பருவத்துக்கு முன் நன்றாக உண்ணாத ஆண் மான் அந்தப் பனியைத் தாண்டுவது கடினம்.

தாயின் கணக்கு

இப்போது பெண் மானைப் பார்ப்போம். உண்மையில் மான் இனத்தின் எதிர்காலம் இதன் கையில்தான் இருக்கிறது.

ஹங்குல் ஏறத்தாழ எட்டு மாதம் குட்டியைச் சுமக்கும். புரட்டாசி, ஐப்பசியில் சினையானால் வைகாசி, ஆனியில் ஈனும். பெரும்பாலும் ஒரே குட்டி. அந்த நேரத்தில் பனி உருகி இளம் புல் வந்திருக்கும். தாய்க்குத் தீனி கிடைக்கும். பால் சுரக்கும். குட்டி ஆறு மாதம் வளர்ந்து, அடுத்த பனிக்காலத்தைத் தாங்கும் அளவுக்கு வலுவடையும். எவ்வளவு நுட்பமான கணக்கு பாருங்கள்!

இந்தக் கணக்கில் ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்? ஈனும் காலம் தள்ளிப்போகும். குட்டி வளர்வதற்குள் பனி வந்துவிடும். சிறு குட்டி பனியைத் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. மெலிந்த பசு சரியாகச் சினைப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். மானும் அப்படியே. இந்த வகை மான்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் இதை உறுதி செய்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் உடல் எடை குறைந்த பெண் மான் அந்த ஆண்டு சினையாகாமலே போகலாம். அதிலும் கோடை முழுவதும் குட்டிக்குப் பால் கொடுத்த தாய்க்கு, இழந்த சத்தை மீட்க இந்தச் சில வாரங்கள்தான் இருக்கின்றன.

ஆகவே ஆவணி, புரட்டாசியில் தின்னும் புல்தான் அடுத்த வைகாசியில் பிறக்கும் குட்டியாக மாறுகிறது. அந்தப் புல் இல்லையென்றால் அந்தக் குட்டியும் இல்லை.

ஆயிரங்கள் நூறுகளாயின

ஒரு காலத்தில் காஷ்மீரப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் ஹங்குல் பரவி வாழ்ந்தது. இமாசலப் பிரதேசத்தின் சம்பா பகுதியிலும் இருந்தது. 1940-களில் 3,000 முதல் 5,000 வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். 1970 வாக்கில் அது 200-க்கும் கீழே போய்விட்டது. வேட்டை ஒரு காரணம். காடு சுருங்கியது இன்னொரு காரணம். அதன் பிறகுதான் ஹங்குலைக் காக்கத் தனித் திட்டம் தொடங்கினார்கள். எண்ணிக்கை சற்று ஏறியது. பிறகு மீண்டும் இறங்கியது.

2004-இல் எடுத்த கணக்கில் 197 மான்கள். 2008-இல் 127 மான்கள். 2021-இல் 261 மான்கள். 2023-இல் 289 மான்கள். சற்றே ஆறுதல் தரும் கணக்கு இது. ஆனால் நினைத்துப் பாருங்கள். ஒரு சிற்றூரில் வாழும் மக்கள் தொகைகூட இதைவிட அதிகம்.

எப்படி எண்ணுகிறார்கள்? இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மார்ச் மாதத்தில் எண்ணுகிறார்கள். அப்போது மேலே பனி இருக்கும். மான்கள் கீழே கூடியிருக்கும். வனத்துறைப் பணியாளர்கள், மாணவர்கள், தொண்டர்கள் எனப் பலர் சேர்ந்து நடப்பார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, பார்த்த மானைக் குறித்துக்கொள்வார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்றும் எழுதுவார்கள். இதில் குட்டிகளின் எண்ணிக்கைதான் முக்கியம். பெண் மான்கள் இருந்தும் குட்டிகள் குறைவாக இருப்பது பல ஆண்டுகளாக உள்ள கவலை.

புல்வெளி யாருக்கு?

குட்டிகள் ஏன் குறைவு? சிறுத்தை பிடிக்கிறது. கரடியும் நரியும் நாயும் பிடிக்கின்றன. அதோடு புல்வெளிப் பிரச்சினையும் இருக்கிறது.

மேல் தாச்சிகாமின் புல்வெளிகளில் கோடைக்காலத்தில் ஆடுகளும் எருமைகளும் மேய்கின்றன. நாய்களும் கூடவே போகின்றன. நாய் இருக்கும் இடத்தில் மான் தங்காது. முன்பு மான்கள் கோடை முழுவதும் மேலே இருந்தன. இப்போது பல மான்கள் மேலே போவதில்லை. ஆண்டு முழுவதும் கீழேயே நின்றுவிடுகின்றன. கீழே உள்ள புல் கோடையிலேயே தீர்ந்துபோனால், இலையுதிர் காலத்தில் எதைத் தின்பது? பனிக்காலத்தில் எதைத் தின்பது?

அப்படியானால் ஆடு மேய்ப்பவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் பல தலைமுறைகளாக மலை ஏறி இறங்கி வாழ்கிறார்கள். பனிக்காலத்தில் ஜம்முவின் தாழ்ந்த பகுதிகளில் இருப்பார்கள். சித்திரை, வைகாசியில் மந்தையோடு மலை ஏறுவார்கள். புரட்டாசி வாக்கில் திரும்பி இறங்குவார்கள். மானைப் போலவே அவர்களும் புல்லைத் தொடர்ந்து போகிறவர்கள்தான். அவர்களுக்கு ஆடுதான் சோறு. ஆடுதான் துணி. ஆடுதான் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. நாடோடி மேய்ப்பர்களின் மேய்ச்சல் உரிமையை 2006-இல் வந்த வன உரிமைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.

பிரச்சினை என்னவென்றால், புல்வெளி வளரவில்லை. மந்தைகள் பெருகின. சாலை, கட்டடம், பழத்தோட்டம் என்று மற்ற இடங்கள் சுருங்கின. ஆகவே எல்லாரும் எஞ்சிய புல்லுக்கு வந்து சேர்கிறார்கள். வாயுள்ள மனிதர் தம் குறையைச் சொல்லிக் கேட்கலாம். மான் யாரிடம் போய்ச் சொல்லும்?

மேய்ப்பர்களை விரட்டுவது வழி ஆகாது. மானை மறப்பதும் வழி ஆகாது. இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். மந்தைகளுக்கு வேறு புல்வெளி ஒதுக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்த மாதம் போகலாம் என்று கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். மந்தைக்கும் நாய்க்கும் தடுப்பூசி போட வேண்டும். ஏனென்றால் வீட்டுப் பிராணியின் நோய் காட்டுப் பிராணிக்கும் தொற்றும். சில நூறு மான்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு கொள்ளை நோய் வந்தால் என்ன மிஞ்சும்?

வழி திறந்திருக்க வேண்டும்

சில ஹங்குல் மான்களின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பட்டை, மான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும். அதிலிருந்து ஒரு செய்தி தெரிந்தது. மான்கள் தாச்சிகாம் பூங்காவுக்குள் மட்டும் இருப்பதில்லை. சிந்து பள்ளத்தாக்குப் பக்கத்துக் காடுகளுக்கும் போகின்றன. முன்னோர் போன வழியை அவை மறக்கவில்லை.

இது நல்ல செய்தி. எல்லா மான்களும் ஒரே காட்டில் அடைந்து கிடந்தால் ஆபத்து. ஒரு காட்டுத் தீயோ ஒரு நோயோ எல்லாவற்றையும் அழித்துவிடலாம். சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ந்து இனமும் பலவீனமாகும். வேறு காடுகளுக்குப் போய் வர வழி இருந்தால் இனம் தழைக்கும். அந்த வழியில் வேலி, குவாரி, பெரிய சாலை ஆகியவை குறுக்கே வந்தால் வழி அடைபடும்.

சட்டமும் ஊரும்

ஹங்குல் ஜம்மு காஷ்மீரின் அடையாள விலங்கு. 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியல் அது. இதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். அபராதமும் உண்டு. தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்ளவோ விற்கவோ கூடாது. கொம்புக்கு விலை வந்துவிட்டால், உதிரும் வரை யார் காத்திருப்பார்கள்?

ஆனால் சட்டம் மட்டும் போதாது. காட்டின் ஓரத்தில் உள்ள ஊர் மனம் வைக்க வேண்டும். பனிக்காலத்தில் ஹங்குல் சில நேரம் வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்துவிடும். பசி அதை அழைத்து வருகிறது. அப்போது நாயை ஏவாமல் வனத்துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பயிர் சேதமானால் அந்த விவசாயிக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அதில் தாமதம் கூடாது. ஒரு விவசாயி தனியே நட்டம் தாங்கிக்கொண்டு, நாடு முழுவதற்கும் உரிய மானைக் காக்க வேண்டும் என்றால் அது சரியா?

பருவ காலத்தில் மான் இருக்கும் பக்கம் கூட்டமாகப் போய்ச் சத்தம் போடக் கூடாது. அருகே போய்ப் படம் எடுக்கக் கூடாது. சத்தம் கேட்டால் பெண் மான் கூட்டம் சிதறி ஓடும். ஆண் மான் மீண்டும் அவற்றைச் சேர்க்க ஓட வேண்டும். வயிற்றில் தீனி இல்லாத மான் அது. ஒவ்வோர் ஓட்டமும் அதன் சேமிப்பைக் கரைக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

காஷ்மீரம் வெகு தூரத்தில் இருக்கிறது. அந்த மான் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நீங்கள் ஆடு மாடு வளர்ப்பவர்கள். நிலத்தை அறிந்தவர்கள். ஒரு பிராணிக்குச் சரியான நேரத்தில் சரியான தீனி கிடைக்காவிட்டால் மந்தையே அழியும் என்று உங்களுக்குத் தெரியும். காட்டிலும் அதே கணக்குத்தான். வீட்டு மந்தைக்கு நாம் இருக்கிறோம். காட்டு மந்தைக்கும் மனிதர்தான் இடம் விட வேண்டும்.

இன்று கேட்டதை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கூடிப் படிக்கும்போது இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள். மானின் கொம்புக்கும் மாட்டின் கொம்புக்கும் என்ன வேறுபாடு? பருவத்துக்கு முன் ஆண் மான் ஏன் அதிகமாக உண்கிறது? பெண் மான் மெலிந்தால் ஏன் குட்டி குறைகிறது? புல்வெளியை மேய்ப்பரும் மானும் எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம்? கடைசிக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. பத்துப் பேர் பேசினால் பத்து யோசனை வரும். அவற்றில் நல்லது எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் தாச்சிகாம் மலையில் ஹங்குலின் குரல் கேட்கிறது. அந்தக் குரல் இன்னும் பல நூறு புரட்டாசிகளுக்குக் கேட்க வேண்டும்.